புற்றுமேட்டில் ஒரு குட்டி

வெங்கடரமணனிடம் அந்தக் குட்டியைப் பற்றிச் சொன்னதே ஜுவேரியாதான். வேறு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. அவரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. இவளே தன் வாயால், நல்லதுக்கென்று நினைத்துச் சொன்னாள்.

ஜுவேரியா அடையாற்றில் ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் தியேட்டரில் மற்றவர்கள் வயிற்றையோ முழங்காலையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, தலைமாட்டில் உட்கார்ந்து நோயாளியின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. வாரம் முழுக்க அப்படி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவள் வேறு ஆள். மங்கிய பச்சைச் சட்டை, தொப்பி, தோளில் கைக்குழந்தை கனத்துக்கு ஓர் அறுநூறு எம்.எம். லென்ஸ். கணவன் நதீம் போர்வைக்குள்ளிருந்தே, "காட்டுக்கா?" என்பான். "காட்டுக்குத்தான்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போவாள்.

காடு என்று அவர்கள் சொன்னது, தரமணிக்குப் போகிற வழியில் உள்ள ஒரு பழைய ஆராய்ச்சி நிலையத்தின் வளாகம். மதிலுக்கு வெளியே கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். மதிலுக்கு உள்ளே ஆலமரங்களும், வெயிலில் வெளுத்த புல்வெளியும், அதில் ஒரு வெளிமான் கூட்டமும். ஆண்களுக்குக் கறுப்பு முதுகு, முறுக்கிவிட்ட கொம்பு. பெண்கள் புல்லின் நிறத்திலேயே இருக்கும். அசைந்தால்தான் தெரியும். ஞாயிறு காலைகளில் மட்டும் தி.நகரில் இருக்கிற அவர்களுடைய புகைப்படக் கிளப்பின் ஆட்களுக்கு உள்ளே அனுமதி. தார் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது, விலங்கின் கிட்டே போகக் கூடாது என்பது நிபந்தனை. கிட்டே போகாமல் இருக்கத்தானே ஆளுக்கொரு முழ நீள லென்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த அனுமதியை அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தவர் வெங்கடரமணன். மயிலாப்பூர் ஆடிட்டர், கிளப்பின் செயலாளர், வயது அறுபதை நெருங்குகிறது. பள்ளிக்கூடங்களுக்குப் போய், காட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று படம் போட்டுப் பேசுகிறவர். பேச்சு முடிகிறபோது, 'நாம அங்க விருந்தாளி, அவாத்துக்கு வந்திருக்கோம்' என்று அவர் சொன்னால் பிள்ளைகள் கை தட்டும். ஜுவேரியாவும் ஒருமுறை கை தட்டியிருக்கிறாள்.

மார்ச் மாதத்து ஞாயிறு அது. அவள் சீக்கிரமே வந்து, வற்றிப்போன குட்டைக்கு இந்தப் பக்கம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். குட்டையைச் சுற்றி முள்கம்பி வேலி. அந்தப் பக்கத்தில் ஒரு கறையான் புற்று, அதை ஒட்டி முழங்கால் உயரத்துக்குப் புல். ஒரு பெண் மான் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாக அந்தப் புல்லுக்குள் போய்த் தலையைக் குனிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் தள்ளிப் போய் மேய ஆரம்பித்தது.

ஜுவேரியாவுக்குப் புரிந்துவிட்டது. குட்டி போட்டிருக்கிறது. வெளிமான் தாய் குட்டியைக் கூடவே கூட்டிக்கொண்டு திரியாது. புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தூரத்தில் மேயும். குட்டியும் அசையாமல் கிடக்கும். பக்கத்தில் நாய் போனாலும் எழுந்திருக்காது. அந்த அசையாமைதான் அதற்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு.

லென்ஸை அந்தப் பக்கம் திருப்பினாள். புல்லின் இடுக்கில் ஒரு காதும் ஈரமான ஒரு கண்ணும் தெரிந்தன. விலாப்புறம் ஏறி இறங்கியது. நல்ல சீரான மூச்சு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. படம் ஒன்றும் எடுக்கவில்லை. புல் மறைத்தது, எடுத்தாலும் ஒன்றும் தேறாது.

அப்போதுதான் வெங்கடரமணன் ரோட்டில் நடந்து வந்தார். கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, கையில் கேமரா.

"என்ன கெடைச்சுது, ஜுவேரியா?"

"சார், மெதுவா பேசுங்க. அந்தப் புத்துக்குப் பக்கத்துப் புல்லுல குட்டி இருக்கு. பொறந்து ஒண்ணு ரெண்டு நாள்தான் இருக்கும். நம்ம ஆளுங்க யாரையும் அந்தப் பக்கம் விடாதீங்க."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கே பார்த்தார். "பேஷ். நல்ல வேளை எங்கிட்ட சொன்னே. சுஹாஸ் கண்ணுல பட்டா போச்சு, மொபைலைத் தூக்கிண்டு மேலேயே போய் உக்காந்துடுவான். நான் பாத்துக்கறேன்."

சுஹாஸ் என்பவன் கிளப்பிலேயே சின்னவன். இன்ஸ்டாகிராமில் கூட்டம் சேர்த்து வைத்திருப்பவன். இருவரும் அவனை நினைத்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர் போய்விட்டார்.

கொம்பு முட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆண் மான்களின் பக்கம் அவள் கேமராவைத் திருப்பினாள். நல்ல சண்டை. புழுதி பறந்தது. அதிலேயே மூழ்கிப் போனாள். சண்டை முடிந்து ஒன்று ஓடியபின், குட்டியை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று லென்ஸைப் புற்றுப் பக்கம் கொண்டுவந்தாள்.

வியூஃபைண்டர் முழுக்கச் சிவப்புக் கட்டம்.

ஒரு நொடி அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். துண்டின் கட்டம்தான். வெங்கடரமணன் புல்லுக்குள் நின்றுகொண்டிருந்தார். குனிந்தார். இரண்டு கையாலும் குட்டியை வயிற்றுக்கு அடியில் பிடித்துத் தூக்கினார். அதன் நான்கு கால்களும் குச்சிபோலத் தொங்கின. புற்றுக்கு முன்னால் புல் இல்லாத மொட்டை இடம் ஒன்று இருந்தது. காலை வெயில் சாய்வாக அங்கேதான் விழுந்தது. குட்டியை அங்கே கொண்டுபோய் வைத்தார். அது தலையைத் தூக்கியது. விரல் நுனியால் அதன் தலையை அமுக்கிக் கீழே படிய வைத்தார், ஸ்டூடியோவில் பிள்ளையின் மோவாயைத் திருப்பி வைப்பதுபோல. காதோரம் ஒட்டியிருந்த புல்லைக்கூட எடுத்துப் போட்டார். பிறகு பின்னால் போய்க் குப்புறப் படுத்துக் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

அவ்வளவும் கையெட்டும் தூரத்தில் நடப்பதுபோலத் தெரிந்தது. அவருடைய மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிறுகூடத் தெரிந்தது. ஆனால் நடுவில் குட்டை, வேலி, அகலமான வெட்டவெளி. ஜுவேரியாவின் விரல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது. எப்போது அழுத்த ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது.

"சார்!" என்று கத்தினாள். மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. லென்ஸைக் கல்லிலேயே போட்டுவிட்டு, அதற்குத் தாங்குகோலாக இருந்த மோனோபாடை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். வேலியைச் சுற்றித்தான் போக வேண்டும். ரோடு வளைந்து வளைந்து போனது. நாற்பது வயதில், கனத்த ஷூவோடு, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போன கால்களோடு அவள் ஓடினாள்.

வளைவு திரும்பியபோது வெங்கடரமணன் அங்கே இல்லை. எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு மறுபக்க ரோட்டில் போய்விட்டிருந்தார். குட்டியைத் திரும்பப் புல்லுக்குள் வைக்கவில்லை. அது தானாக எழுந்து, தள்ளாடிக்கொண்டு, வெட்டவெளியில் வந்து நின்று சன்னமாகக் கத்திக்கொண்டிருந்தது. தாய் மான் தூரத்தில் தலையை நிமிர்த்திப் பார்த்தது.

நாய்களும் பார்த்துவிட்டன. கேன்டீன் பக்கத்து நாய்கள் இரண்டு. ஜுவேரியா கத்திக்கொண்டே மோனோபாடை ஓங்கி ஓடி வந்து சேர்வதற்குள் ஒரு நாய் விலாவைக் கவ்வி உதறிவிட்டது. அடி விழுந்தபின் விட்டுவிட்டு ஓடியது.

குட்டியைத் தன் சட்டையோடு அணைத்து ஏந்திக்கொண்டு வாசலில் இருந்த காவலர் அறைக்கு ஓடினாள். செக்யூரிட்டி வேம்பு நீலச் சீருடையோடு எழுந்து வந்தாள். முப்பது வயதுப் பெண். ஞாயிறுதோறும் இவர்கள் பெயரைச் சரிபார்த்து உள்ளே விடுகிறவள்.

"இன்னா மேடம்... ஐயோ, குட்டியா? மூச்சு கீதா?"

"இருக்கு. ஃபாரஸ்டுக்கு போன் போடு, வேம்பு. சீக்கிரம்."

வேம்பு போன் போட்டாள். "வண்டி வந்துகினே கீதாம் மேடம்" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து குட்டியின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள்.

பல் விலாவைத் துளைத்து உள்ளே போயிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தத் துளையில் காற்று சீறியது. அந்தச் சத்தம் என்னவென்று ஜுவேரியாவுக்குத் தெரியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். செய்வதற்குக் கையில் ஒன்றுமில்லை. உள்ளங்கையை அந்தத் துளையின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ பேரை மூச்சு நிற்கிற இடத்திலிருந்து இழுத்துக் கொண்டுவந்த கை அது. அந்தக் கைக்கு அடியில் விலா ஏறியது, இறங்கியது, கொஞ்சமாக ஏறியது. அப்புறம் ஏறவில்லை.

வனத்துறை ஆட்கள் வந்து குட்டியை ஒரு சாக்கில் வைத்துக் கொண்டுபோனார்கள். நாய் கடித்துச் செத்தது என்று எழுதிக்கொண்டார்கள். அதுவும் பொய் இல்லையே. ஜுவேரியா அங்கே வெங்கடரமணன் பெயரைச் சொல்லவில்லை. பயமில்லை. நடந்ததை முதலில் அந்த மனிதர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. போன் பண்ணினாள். எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது.

நல்ல படம். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொன் நிற வெயில், பின்னால் மங்கலாகப் புற்று, தரையோடு தலையைப் படிய வைத்துக்கொண்டு நேராகப் பார்க்கும் குட்டி. கண்ணுக்குள் சூரியன் ஒரு புள்ளியாக. கீழே வெங்கடரமணன் எழுதியிருந்தார்: 'பொறுமை. ரோட்டோரம் படுத்தபடி மூன்று மணி நேரம் காத்திருந்தேன். அதுவாகவே வெளிச்சத்துக்கு வந்தது. இயற்கைக்கு நன்றி.' அதற்கு அடியில் வரிசையாகக் கும்பிடு, கைதட்டல், இதயம். சுஹாஸ்கூட 'லெஜண்ட் சார்' என்று போட்டிருந்தான்.

ஜுவேரியாவின் நகத்தடியில் இன்னும் ரத்தக் கறை இருந்தது. அவள் ஏதேதோ தட்டினாள், அழித்தாள். கடைசியில் போனைச் சோபாவில் வீசி எறிந்தாள்.

நதீம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்னாச்சு ஜுவே?"

அவள் லேப்டாப்பைத் திறந்து தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். குனிகிறார். தூக்குகிறார். கால்கள் தொங்குகின்றன. வைக்கிறார். தலையை அமுக்குகிறார். படுக்கிறார். எல்லாப் படத்திலும் முகம் துல்லியமாக விழுந்திருந்தது. நதீம் விளக்குக் கடை வைத்திருப்பவன். மானைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பார்த்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"தினம் தினம் எத்தனை டாக்டரோட சண்டை வரும் உனக்கு? ஒருநாள்கூட வீட்டுக்கு வந்து நீ இப்படிக் கொதிச்சு நான் பார்த்ததில்லை."

"எவனோ தெரியாத முட்டாள் பண்ணியிருந்தா விட்டுடுவேன் நதீம். இவருக்கு எல்லாம் தெரியும். தொடக் கூடாதுன்னு ஊரெல்லாம் பாடம் எடுக்கிற ஆளு. அதுவும் நான் காட்டின இடத்துல போய்..."

லேப்டாப்பை மூடினாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் நேராகத் தி.நகருக்குப் போனாள். கிளப்பின் தலைவி நீரஜா விளம்பரப் படங்கள் எடுக்கிறவள். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் ஸ்டூடியோ. பட்டுப்புடவைக் கடை விளம்பரத்துக்காக நட்டு வைத்திருந்த விளக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து நீரஜா தன் போனில் ஏற்றிக்கொண்டு அந்தப் படங்களைப் பார்த்தாள்.

"கடவுளே" என்றாள் பிறகு. "யார்கிட்டயாவது காட்டினியா?"

"உங்ககிட்டதான் முதல்ல."

"நல்லது. இப்படியே இருக்கட்டும்."

"என்னது இப்படியே இருக்கட்டும்?"

"ஜுவேரியா, கொஞ்சம் யோசி. இது வெளிய போனா மொதல்ல நம்ம அனுமதி போகும். கிளப்ல எத்தனை பேர் அந்த ஒரு இடத்தை நம்பி இருக்காங்க? நான் அவரைக் கூப்பிட்டுத் தனியா கண்டிக்கிறேன். படத்தைக் குரூப்லேர்ந்து எடுக்கச் சொல்றேன். அடுத்த மாசக் கண்காட்சியிலயும் வைக்க வேண்டாம்னு சொல்றேன். போதாதா?"

"குட்டி செத்துப் போச்சு, நீரஜா."

"தெரியுது. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நாய்தானே கடிச்சது? அந்த கேம்பஸ்ல நாய் அடிச்சு மாசத்துக்கு ஒரு குட்டியாவது போகுதுன்னு அவங்களே சொல்றாங்க."

ஜுவேரியா எழுந்துவிட்டாள். விளக்கு ஸ்டாண்டில் அவள் பை இடித்து அது ஆடியது. "நான் மருந்தை மாத்திப் போட்டு ஒரு ஆளு செத்தா, ஆஸ்பத்திரில தினம் யாராவது சாகுறாங்கன்னு சொல்லிட்டுப் போயிடலாமா?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் படியிறங்கினாள்.

அன்றைக்கே மயிலாப்பூருக்கும் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கோபம் தலைக்கேறியிருந்தது. இந்தக் கோபத்தோடு கார் ஓட்டக் கூடாது என்று தெருவோரம் நின்று ஒரு டீ குடித்தாள். டீ குடித்தும் அது தணியவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனாள்.

வெங்கடரமணன் வீடு குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் அவர் மனைவி. "வாங்கோ டாக்டர், நீங்க வருவேள்னு அவர் சொல்லிண்டே இருந்தார். காபி எடுத்துண்டு வரேன்" என்று உள்ளே போனாள். அப்படியானால் நீரஜா சொல்லிவிட்டிருக்கிறாள். கூடத்துச் சுவர் முழுக்கப் படங்கள். புலி, யானை, பூநாரை. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, இதில் எதை எதைத் தூக்கி வைத்தாரோ என்று ஜுவேரியாவுக்குத் தோன்றியது.

"உக்காரும்மா" என்றார் வெங்கடரமணன்.

"நிக்கிறேன் சார். அந்தப் படத்துக்குக் கீழ எழுதினீங்களே, அதுவாவே வெளிச்சத்துக்கு வந்ததுன்னு. அதை மட்டும் எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தப்புதான். ஒத்துக்கறேன். ஒரு சபலம். அந்த வெளிச்சம் இன்னும் அஞ்சு நிமிஷத்துல போயிடும். புல்லுக்குள்ள ஒண்ணும் தெரியலை. கொஞ்சம் நகர்த்தினா என்னன்னு தோணித்து. அது எழுந்திருக்கும்னு நான் நினைக்கலை. சத்தியமா நினைக்கலை."

"திரும்ப ஏன் புல்லுல வைக்கலை?"

"யாரோ ரோட்டுல வர மாதிரி இருந்தது. கிளம்பிட்டேன்."

"அப்ப பார்த்துடுவாங்கன்னு பயம் இருந்தது. குட்டியைப் பத்தி இல்லை."

அவர் முகம் மாறியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப நியாயம் பேசாதே, ஜுவேரியா. நீரஜா படத்தையெல்லாம் காட்டினா. வரிசையா எடுத்திருக்கே. நான் குனியறதுலேர்ந்து படுத்துக்கற வரைக்கும். எடுக்கற நேரத்துல ஓடி வந்திருந்தா குட்டி பிழைச்சிருக்கும். நீயும் க்ளிக் பண்ணிண்டுதானே இருந்தே?"

இது அவளுக்கு விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அந்த இரண்டு நாளும் ராத்திரி முழுக்க அவள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான்.

"ஆமா, எடுத்தேன்" என்றாள். "அந்த நேரம் வீண்தான். அதுக்கு நான் என்னை மன்னிக்கப் போறதில்லை. ஆனா அதை வச்சு நீங்க தப்பிச்சுக்க முடியாது, சார். என் தப்பு எங்கிட்ட இருக்கட்டும். உங்க தப்பை நீங்க எடுத்துக்குங்க. நீங்களே அந்த நிலையத்து டைரக்டருக்கு எழுதிடுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். இல்லைன்னா நான் எழுதுவேன்."

"எழுதினா எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும் கேட் மூடும். அந்த அனுமதிக்கு நான் எத்தனை வருஷம் அலைஞ்சேன் தெரியுமோ உனக்கு? உனக்கும் சேர்த்துத்தான் மூடும்."

"மூடட்டும்."

மாமி காபியோடு வந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜுவேரியா, "மன்னிச்சுக்குங்க, இன்னொரு நாள் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இன்னொரு நாள் கிடையாது என்று அவளுக்கும் தெரியும், அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கும். செருப்பை மாட்டும்போது உள்ளே டம்ளர் மேஜையில் ஓங்கி வைக்கப்படும் சத்தம் கேட்டது.

ஞாயிறு வரை பார்த்தாள். அவர் எழுதவில்லை. படத்தை மட்டும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். 'தொழில்நுட்பக் காரணம்' என்று ஒரு வரி போட்டார். அதைப் பார்த்ததும் ஜுவேரியா வாய்விட்டே திட்டினாள். நதீம் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அனுப்பினா உன்னையும் உள்ள விட மாட்டாங்க, இல்ல?"

"விட மாட்டாங்க."

"வாரம் பூரா அந்த ஒரு காலைக்காகத்தான் நீ இருக்கே."

"தெரியும்."

அவள் ஆராய்ச்சி நிலைய இயக்குநருக்கும் வனத்துறைக்கும் நடந்ததை நடந்தபடி எழுதினாள். குட்டி இருக்கும் இடத்தைச் சொன்னது தான்தான் என்பதையும், முதலில் படம் எடுத்துவிட்டு அப்புறம்தான் ஓடினேன் என்பதையும் சேர்த்தே எழுதினாள். படங்களை இணைத்து அனுப்பினாள்.

அந்த வாரமே கேட் மூடியது. கிளப்புக்கு அனுமதி ரத்து என்று கடிதம் வந்தது. வெங்கடரமணனை வனத்துறை கூப்பிட்டு விசாரித்தது. அவர் வக்கீலோடு போனார். விசாரணை இன்னும் நடக்கிறது. கிளப்பிலோ சீக்கிரமே முடிவெடுத்துவிட்டார்கள். சொந்தக் காரணங்களுக்காகச் செயலாளர் விலகுகிறார் என்று சொல்லி, ஒரு ஓட்டலில் சாப்பாடு போட்டு, சால்வை போர்த்தி அனுப்பினார்கள். ஜுவேரியாவுக்குச் சால்வை இல்லை. சக உறுப்பினரை அவர் அனுமதி இல்லாமல் படமெடுத்து வெளியாருக்குக் கொடுத்ததால் நீக்கம் என்று நீரஜாவின் கையெழுத்தோடு செய்தி வந்தது. குழுவிலிருந்து அவளை எடுப்பதற்கு முன்னால் சுஹாஸ், 'ஒரு குட்டிக்காக நாங்க எல்லாரும் அனுபவிக்கணுமா டாக்டர்?' என்று போட்டிருந்தான். அதற்கு நிறையப் பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தார்கள். அவள் ஒவ்வொரு பெயராகப் படித்தாள். போன வாரம்வரை அவளோடு ஒரே பிளாஸ்கில் டீ குடித்தவர்கள்.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஒரு மத்தியானம், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்தபோது வேம்பு போன் பண்ணினாள்.

"மேடம், எனக்கு வேலை போயிடுச்சு. அந்தாளு புல்லுல எறங்கினத நான் ஏன் பாக்கலன்னு காண்ட்ராக்டர் கத்தறாரு. நான் கேட்டாண்ட நிக்கறவ, உள்ள ரவுண்டு போற டூட்டி என்னுது இல்ல. சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. நாளையிலேர்ந்து வராதன்ட்டாங்க."

தூக்கி வைத்தவருக்குச் சால்வை. மடியில் தலையைத் தாங்கியவளுக்கு வேலை இல்லை. "நாளைக்குக் காலைல நந்தனம் வா. காண்ட்ராக்டர் ஆபீஸ் அங்கதானே?" என்றாள்.

மறுநாள் விடுப்புப் போட்டாள். செக்யூரிட்டி கம்பெனியின் அலுவலகம் அண்ணா சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கட்டடத்தின் முதல் மாடி. மேலாளர் சுயம்புலிங்கம் முதலில் இவளை உட்காரச் சொன்னார், வேம்புவைச் சொல்லவில்லை. ஜுவேரியா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு வேம்புவை உட்கார வைத்தாள்.

"டாக்டரம்மா, இது எங்க நிர்வாக விஷயம்" என்றார் அவர்.

"அன்னிக்கு அங்க இருந்த எல்லாருலயும் செய்ய வேண்டியதைச் செஞ்சது இவ ஒருத்திதான். வனத்துறைக்குப் போன் போட்டது இவ. உள்ள சுத்துற வேலை யாருக்குப் போட்டிருந்தீங்க? அன்னிக்கு அந்த ஆளு வந்தாரா?"

அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.

"வரலை, இல்லையா? ஆள் போடாத இடத்துக்கு இவளைப் பொறுப்பாக்குறீங்க. இதையும் நான் டைரக்டருக்கு எழுதுறேன். எழுத எனக்கு இப்ப நல்லா வருது" என்றாள் ஜுவேரியா. குரல் அறையைத் தாண்டி வெளியே கேட்டது. வரவேற்பறையில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். பல நாளாக உள்ளேயே வைத்திருந்த கோபம் ஒரு உருப்படியான இடத்தைக் கண்டுபிடித்ததுபோல அவளுக்கு இருந்தது. மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினாள். வேம்புவே பயந்துபோய், "போதும் மேடம்" என்று கையைப் பிடித்தாள்.

சுயம்புலிங்கம் யாருக்கோ போன் பண்ணினார். அந்தப் பக்கம் யாரோ பேச, "சரிங்க, சரிங்க" என்றார். பிறகு, "திங்கக்கிழமை டூட்டிக்கு வந்துடும்மா" என்று வேம்புவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வேம்பு அழவில்லை, நன்றியும் சொல்லவில்லை. படியிறங்கும்போது மட்டும், "இன்னா கத்து கத்தனீங்க மேடம், எனக்கே வயித்தக் கலக்கிடுச்சு" என்றாள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, தரமணியில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஜுவேரியா அந்த மதிலோரம் காரை நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று தெரியவில்லை. பின் சீட்டில் லென்ஸ் பை கிடந்தது. எடுக்கவில்லை. கேட்டுக்கு நடந்து போனாள். புதிதாக இரும்புத் தடுப்பு போட்டிருந்தார்கள். உள்ளே ஆலமரம் வரைதான் தெரிந்தது. மான் எதுவும் தெரியவில்லை.

வேம்பு அறையிலிருந்து வந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "மேடம்... உங்கள உள்ள வுட முடியாது மேடம். பேர் குடுத்து கீறாங்க. வெங்கடரமணன் சார் பேரு, உங்க பேரு, ரெண்டும் மேலாலயே போட்டு கீது. வேற யாருன்னா இருந்தா கூட..."

அவள் பெயரும் அந்த ஆளின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக. ஜுவேரியாவுக்கு மறுபடியும் அந்தக் கோபம் கிளம்பி வந்தது. தணிந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். கொஞ்சம்கூடத் தணியவில்லை.

"விடாதே" என்றாள். "கெஞ்சினாலும் விடாதே. யாரையும்."

"குட்டிங்க மூணு நாலு கீது மேடம். காலைல ரவுண்டு போறப்ப பாத்தேன். இப்ப ரவுண்டும் எனக்குத்தான் போட்டு கீறாங்க" என்றாள் வேம்பு, சமாதானம் சொல்வதுபோல.

"கிட்ட போனியா?"

"ஐய, ரோட்டாண்டையே நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."

ஜுவேரியா தலையை ஆட்டினாள். வேம்பு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், வாங்கிக் குடித்தாள். பின்னால் ஒரு கம்பெனி பஸ் வழி கேட்டு விடாமல் ஹாரன் அடித்தது. அவள் கார் வழியை மறித்துக்கொண்டிருந்தது. "வர்றேன்யா, இரு!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்திவிட்டு அவள் காரை நோக்கி நடந்தாள்.